எரிமலைக்குத் தயாராக இருந்த சுண்ணாம்புச் சந்து

அலை தழுவும் அழகுக் கொச்சியின் மடியில், மிளகும் இஞ்சியும் ஏலமும் மணக்கும் மட்டாஞ்சேரி மண்ணில், மழையைப் பற்றிப் பேசுவதற்கென்றே மழை பெய்யாத மாலையாகப் பார்த்துக் கூட்டப்பட்டிருக்கும் இந்த மாபெரும் விழாவின் தலைவர், நமது தமிழர் சங்கத்தின் தூண், அண்ணன் பிச்சைமணி அவர்களே! வார்டின் வாசலில் யார் வந்து நின்றாலும் வாடாத முகத்தோடு வரவேற்கும் கவுன்சிலர் ஷீஜா அவர்களே! பேரிடர்ப் பிரிவிலிருந்து ஒரு கையில் பைலும் மறு கையில் ஷீல்டுமாக வந்திருக்கும் இளம் அதிகாரி அஜீஷ் அவர்களே! விடியற்காலை ரோல்கால் புத்தகத்தோடு எங்களை விரட்டி மேய்க்கும் ஃபோர்மேன் சிஜு அவர்களே! சேற்றிலும் சகதியிலும் என்னோடு சேர்ந்து இறங்கும் ஏழு தோழர்களே! முன்வரிசையில் முந்தானையால் விசிறிக்கொண்டிருக்கும் தாய்மார்களே! சுவரோரம் நாற்காலி போட்டு அமர்ந்திருக்கும் பெரியோர்களே! சாயா அண்டாவை விட்டு ஓர் அடிகூட நகராமல் நிற்கும் நண்பர்களே! தமிழில் பேசினால் கைதட்டுவோம், எழுதச் சொன்னால் மலையாளத்தில்தான் எழுதுவோம் என்று அடம்பிடிக்கும் எங்கள் அருமைப் பிள்ளைகளே! உங்கள் எல்லோருக்கும் என் முதல் வணக்கம்.

தெரியாதவர்களுக்குச் சொல்லிவிடுகிறேன். என் பெயர் பாலையா. இருபத்தேழு வருஷமாக இந்த நகரத்தின் வடிகால்களில் இறங்கி அடைப்பெடுக்கிறவன். சாயங்காலம் குளித்துச் சட்டை மாற்றினால் மேடைப் பேச்சாளன். "இந்த மனுசனுக்குப் பகல்ல ஓடை, சாயங்காலம் மேடை" என்று என் மனைவி பேச்சியம்மாள் சொல்வாள். கைதட்டாதீர்கள், அவள் அதைப் பாராட்டாகச் சொல்லவில்லை.

இன்று இந்த மேடையில் இரண்டு காரியம். சுண்ணாம்புச் சந்தின் பேரிடர் மீட்புக் குழுவுக்கு, போன ஆடி மழையில் ஓர் உயிரைக் காத்ததற்காக ஷீல்டு கொடுப்பது முதல் காரியம். அதே குழுவை இன்னும் மூன்று வருஷத்துக்குப் புதுப்பித்துக் கையெழுத்து வாங்குவது இரண்டாவது. குழுவில் எட்டுப் பேர். தலைவன் நான். காக்கப்பட்ட உயிர் யாருடையது? என் கூடப்பிறந்த அக்காள் ஆவுடையம்மாளுடையது. முப்பது வருஷம் இந்தத் தெருக்களைப் பெருக்கியவள், இடுப்பெலும்பு முறிந்து மூன்று வருஷமாகப் படுத்த படுக்கை. இன்றைக்கும் என்னோடு அதே சந்து, அதே ஓட்டு வீடு, அதே கட்டில். இன்னும் பன்னிரண்டு நாளில் மழை வருகிறது என்று வானிலைக்காரர்கள் சொல்கிறார்கள். மழை வந்தால் அவளைத் தூக்கப்போவது யார்? இதைத் தவிர எனக்கு இன்றைக்கு வேறு பேச்சு இல்லை. ஆனால் சுற்றி வளைத்துத்தான் வருவேன். மைக்கைப் பிடித்தால் நேர் வழியில் போக எனக்குத் தெரியாது, அண்ணன் பிச்சைமணிக்கு அது தெரியும்.

அன்பார்ந்தவர்களே! நமது நாடு தயாராக இருக்கிறது! நம்புங்கள், நான் கண்ணால் கண்டேன். புயலுக்குப் புத்தகம் போட்டிருக்கிறார்கள். பூகம்பத்துக்குப் புத்தகம் போட்டிருக்கிறார்கள். மண் சரிந்தால் ஒரு புத்தகம், மலை எரிந்தால் ஒரு புத்தகம். போன வருஷம் மாசி மாதம் நமது அஜீஷ் தம்பி ஒரு கட்டுப் புத்தகத்தோடு எங்கள் சந்துக்குள் வந்தார். வாங்கிப் பார்த்தேன். வழவழப்பான தாள், வண்ண வண்ணப் படம். அட்டையில் தமிழில், ஆம், நல்ல தமிழில் அச்சடித்திருந்தது: "எரிமலை வெடித்தால் என்ன செய்ய வேண்டும்?"

எரிமலையா? எங்கள் சந்திலா? அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன்.

"தம்பி, நமக்கு எதுக்கு இது? நம்ம சந்துல வருசா வருசம் வெள்ளம்தான வருது? அதுக்கு ஒரு புஸ்தகம் கொடுங்களேன்" என்றேன். அவர் தலையைச் சொறிந்துகொண்டு சொன்னார்: "சேட்டா, ஒவ்வொரு வார்டுக்கும் ஓரோ டிசாஸ்டர் கம்ப்யூட்டர் அலாட் செய்ததாணு. ஃப்ளட் ஒக்கெ ஆதியமே தீர்ந்து போயி. இனி அக்னிபர்வதம் மாத்ரமே பாக்கியுள்ளூ."

கேட்டீர்களா? வார்டுக்கு ஒரு பேரிடராகக் கம்ப்யூட்டர் பங்கு போட்டதில் வெள்ளம் தீர்ந்துவிட்டது! ரேஷன் கடையில் மண்ணெண்ணெய் தீர்ந்த மாதிரி வெள்ளம் தீர்ந்துவிட்டது! முன்னால் போய் வரிசையில் நின்ற வார்டுகள் வெள்ளத்தையும் புயலையும் வாங்கிக்கொண்டு போய்விட்டன. பிந்தி வந்த பாவிகள் எங்களுக்கு மிஞ்சியது எரிமலை. நான் விடவில்லை. "நம்ம நாட்டுல எரிமலை எங்க இருக்கு தம்பி?" என்று கேட்டேன். அவர் நேர்மையானவர், கைபேசியில் தேடிப் பார்த்துச் சொன்னார். உயிரோடு இருப்பது ஒன்றே ஒன்றுதானாம். அந்தமான் பக்கம் ஆளில்லாத ஒரு தீவில் இருக்கிறதாம். இங்கிருந்து ஏறக்குறைய இரண்டாயிரம் கிலோமீட்டர். அது எரிந்து, குழம்பு கக்கி, கடல் கடந்து, ஃபோர்ட் கொச்சியில் கரையேறி, பஜார் ரோட்டில் லாரிகளுக்கு வழிவிட்டு, எங்கள் சந்துக்குள் திரும்பும்போது நாங்கள் தயாராக இருக்க வேண்டும்!

சிரிக்காதீர்கள். புத்தகத்தை வரி விடாமல் படித்தவன் நான். "எரிமலைக் குழம்பின் பாதையில் நிற்காதீர்கள்." ஆகா, எப்பேர்ப்பட்ட அறிவுரை! சொல்லியிருக்காவிட்டால் நான் நின்றிருப்பேன். "கூரையில் விழும் சாம்பலை அவ்வப்போது பெருக்கித் தள்ளுங்கள்." எங்கள் சந்தில் பாதிப் பேருக்கு அதுதான் உத்தியோகம், எங்களுக்கா சொல்லித்தர வேண்டும்? "உயரமான இடத்துக்குச் செல்லுங்கள்." எங்கள் சந்தின் மிக உயரமான இடம் முகமது இஸ்மாயில் குடியிருக்கும் வீட்டின் தண்ணீர்த் தொட்டி. அதில் ஏறினால் இரண்டு பேர் நிற்கலாம், அதுவும் சண்டைக்காரர்களாக இல்லாதிருந்தால்.

என்ன தாயே? ஒத்திகையைப் பற்றிச் சொல்லவா? சொல்கிறேன், அதைச் சொல்லாமல் விடுவேனா!

பங்குனி மாதம், ஞாயிற்றுக்கிழமை, பளிச்சென்ற வெயில். வானத்தில் ஒரு பஞ்சுத் துணுக்குக்கூட இல்லை. சந்தின் முனையில் தகர டிரம்மில் தேங்காய் மட்டையைப் போட்டுக் கொளுத்தினார்கள். அது எரிமலை! கல்யாண மண்டபத்திலிருந்து சிவப்புக் கம்பளம் வாங்கி வந்து, டிரம்மிலிருந்து எங்கள் வீட்டு வாசல் வரைக்கும் உருட்டிவிட்டார்கள். அது எரிமலைக் குழம்பு! குழம்பின்மேல் செருப்போடு நடக்கக்கூடாது என்று மண்டபத்துக்காரர் கூடவே நின்று கத்திக்கொண்டிருந்தார். நாங்கள் எட்டுப் பேரும் ஆரஞ்சு நிறச் சட்டை, கழுத்தில் விசில், தலையில் தொப்பி. அடிபட்டவராக நடிக்க ஒருவர் வேண்டுமே? என் அக்காளுக்கு நடிக்க வேண்டிய அவசியமே இல்லை. புதுப் புடவை கட்டி, பொட்டு வைத்து, காலையிலிருந்தே காத்திருந்தாள். மூன்று வருஷத்தில் அவள் வெளியே வந்து வெயிலைப் பார்த்தது அன்றைக்குத்தான்.

விசில் ஊதினார்கள். தூக்கினோம் ஸ்ட்ரெச்சரை! ஓடினோம் குழம்பைத் தாண்டி! அஜீஷ் தம்பி கடிகாரத்தைப் பார்த்துத் துள்ளினார்: "நாலு மினிட்டு பன்னெண்டு செகண்டு! சூப்பர் சேட்டா, சூப்பர்!" ஊரே கைதட்டியது. அக்காள் ஸ்ட்ரெச்சரில் படுத்தபடியே கும்பிட்டாள். "ஏலே பாலையா, இன்னொரு ரவுண்டு தூக்குங்களேன்டா" என்றாள். இன்னொரு முறையும் தூக்கினோம். பிறகு ஸ்ட்ரெச்சரையும் சட்டையையும் ஜீப்பில் ஏற்றி அடுத்த வார்டுக்குக் கொண்டுபோனார்கள். அங்கே சுனாமி காத்திருந்தது.

அன்று ஒரு தாளில் எட்டுப் பேரும் கையெழுத்துப் போட்டோம். "சுண்ணாம்புச் சந்துக்கு எந்தப் பேரிடர் வந்தாலும் முதலில் களம் இறங்குவோர்" என்று மேலே எழுதியிருந்தது. ஏன் எங்கள் எட்டுப் பேரை மட்டும் எடுத்தார்கள்? சர்க்கார் அடையாள அட்டை இருக்கிற, உடம்பில் பலமுள்ள ஆண்கள் வேண்டும் என்றார்கள். சந்தில் சர்க்கார் அட்டை யாரிடம் இருக்கிறது? வடிகாலில் இறங்குகிற எங்களிடம்தான். நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு போட்டோம் கையெழுத்து.

இங்கேதான் நீங்கள் காதைத் தீட்டிக்கொள்ள வேண்டும். மழை கொட்டுகிற நாளில் வடிகால் தொழிலாளி எங்கே இருப்பான்? சொல்லுங்கள் பார்ப்போம். பின்வரிசையில் ஒரு தங்கச்சி சரியாகச் சொல்லுகிறாள்: "டூட்டியில." ஆம் அம்மா, டூட்டியில்! ரெட் அலர்ட் என்று வந்தால் ஐந்தரை மணிக்கு ரோல்கால், ஆறு மணிக்கு லாரி. ஊரில் எங்கெங்கே தண்ணீர் நிற்கிறதோ அங்கெல்லாம் எங்களை இறக்கிவிடுவார்கள். கலூர் ஸ்டேடியம் பக்கம் சிலர், வைட்டிலா பக்கம் சிலர். இருபத்தேழு வருஷத்தில் ஒரு பெருமழையன்றுகூட நான் என் வீட்டில் இருந்ததில்லை. என் கல்யாணம் முடிந்த முதல் வருஷத்து மழையிலேயே பேச்சியம்மாள் அதைத் தெரிந்துகொண்டாள். எனக்குத் தெரியாதா? தெரியும். என் ஏழு தோழர்களுக்கும் தெரியும். தெரிந்திருந்தும், வெயிலில் நின்றுகொண்டு, விசிலைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு, மழை வந்தால் சந்தில் நிற்போம் என்று எட்டுப் பேரும் எழுதிக்கொடுத்தோம். அஜீஷ் தம்பியைக் குறை சொல்லமாட்டேன். அவர் வெளியூர்க்காரர், அவருக்கு எங்கள் ரோல்கால் தெரியாது. மடையன் நான்தான்.

ஆடி மாதம், செவ்வாய்க்கிழமை. ராத்திரி பிடித்த மழை விடியும்போதும் விடவில்லை. மட்டாஞ்சேரிக்காரர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. கடல் ஏறுகிற நேரத்தில் நம் ஓடைகளில் தண்ணீர் காயல் உப்பங்கழிக்குப் போகாது, காயல் நம் வீட்டுக்கு வரும். மேலே மழை, கீழே காயல். நாங்கள் எங்கே? தோழர்கள் ஏழு பேரும் கலூரில். நான் வைட்டிலாவில், கழுத்தளவு குழிக்குள் நின்று, அடைப்பை இழுத்துக்கொண்டிருக்கிறேன். உள்ளேயிருந்து ஒரு மெத்தை வருகிறது அன்பர்களே, இரட்டைக் கட்டில் மெத்தை! எந்தப் புண்ணியவான் எப்படி உள்ளே திணித்தானோ!

பதினோரு மணிக்கு, குழியோரம் பாலிதீன் பையில் சுற்றி வைத்திருந்த என் கைபேசி அடித்தது. பேச்சியம்மாள். "என்னங்க, தண்ணி கட்டில் சட்டத்துல முட்டியாச்சு. அக்காவ என்னால புரட்டக்கூட முடியல. எப்ப வருவீங்க?"

குழியிலிருந்து ஏறி சிஜு அவர்களிடம் போனேன். விவரம் சொன்னேன். அவர் முகமும் வாடிவிட்டது. "சேட்டன் போயால் பின்னெ இவிடெ ஆரா இறங்ஙுக?" என்றார். நான் போனால் அங்கே இறங்குவது யார்? நியாயமான கேள்வி. அந்தக் குழிக்குள் இறங்கத் தெரிந்தவன் அன்றைக்கு அங்கே நான் ஒருவன்தான். போகவும் வழியில்லை, பாலத்துக்கு அந்தப் பக்கம் பஸ் நின்று நாலு மணி நேரமாகிவிட்டது.

அப்போதுதான் எனக்குப் புத்தகம் ஞாபகம் வந்தது! பின்னட்டையில் உதவி எண் இருந்ததே, கைபேசியில் பதிந்துவைத்திருந்தேனே! நமது நாடு தயாராக இருக்கிறதே! போட்டேன் போனை. இரண்டாவது மணியிலேயே எடுத்தார் ஒரு பெண். பெயர் மஞ்சுஷா என்றார், குரலில் அத்தனை கனிவு. பதற்றத்தில் என் பெயரைச் சொல்லவில்லை, சந்தின் பெயரை மட்டும் சொன்னேன். படுத்த படுக்கையாக ஒரு பெண்பிள்ளை, தண்ணீர் கட்டிலுக்கு வந்துவிட்டது, ஆள் அனுப்புங்கள் என்றேன். கம்ப்யூட்டரில் தட்டிப் பார்த்தார். மகிழ்ச்சியோடு சொன்னார்: "பேடிக்கண்டா சேட்டா. அவிடெ டிரெயினிங் கிட்டிய ஒரு ஸ்குவாட் உண்டல்லோ. லீடரை விளிச்சா மதி. நம்பர் எழுதிக்கோளூ."

பயப்படாதீர்கள், உங்கள் சந்துக்குப் பயிற்சி பெற்ற குழு இருக்கிறது, தலைவரைக் கூப்பிட்டால் போதும் என்கிறார். ஓர் இலக்கம், ஓர் இலக்கமாக எண்ணைச் சொன்னார். நானும் ஓர் இலக்கம், ஓர் இலக்கமாகக் கேட்டேன். அது என் எண்.

சிரியுங்கள். இப்போது தாராளமாகச் சிரியுங்கள், நானும் இத்தனை மாதம் கழித்துச் சிரிக்கிறேன். அன்றைக்கு வைட்டிலாவில் நடுரோட்டில், உடம்பெல்லாம் சேறு வழிய, "தேங்க்ஸ் மோளே" என்று சொல்லி வைத்துவிட்டு, நான் அழுதேன். நாடு என்னைக் கைவிடவில்லை ஐயா! என் அக்காளைக் காப்பாற்ற என்னையே நியமித்திருந்தது!

சரி, அப்படியானால் அக்காளைக் காப்பாற்றியது யார்? அதைச் சொல்லத்தான் இத்தனை நேரம் சுற்றினேன்.

எங்கள் வீட்டின் பக்கவாட்டு அறையில் வாடகைக்கு இருக்கிறாள் பாண்டிச்செல்வி. கோவில்பட்டிப் பக்கத்துப் பெண். நாலு வருஷமாகத் தள்ளுவண்டியில் காய்கறி விற்கிறாள். அன்று மார்க்கெட் மூடியிருந்ததால் வீட்டில் இருந்தாள். தண்ணீர்த் தொட்டி வீட்டில் இருக்கும் முகமது இஸ்மாயில், ஃபோர்ட் கொச்சியில் ஒரு சின்ன ஹோட்டலில் பரோட்டா மாஸ்டர். அடுப்பு நனைந்துபோனதால் அவருக்கும் அன்று லீவு. பேச்சியம்மாள் போட்ட கூச்சல் கேட்டு இந்த இருவரும் வந்தார்கள். ஆரஞ்சுச் சட்டை இல்லை, விசில் இல்லை, பயிற்சி இல்லை. ஸ்ட்ரெச்சர் எங்கே? அது எந்த வார்டில் எந்த ஆபத்தை நடித்துக்கொண்டிருந்ததோ! பாண்டிச்செல்வி தள்ளுவண்டியில் இருந்த தக்காளிக் கூடைகளைத் தூக்கித் தண்ணீரில் எறிந்தாள். தார்ப்பாயை விரித்தாள். "யக்கா, கைய எங் கழுத்துல போடு. வெக்கப்படாத, நல்லா இறுக்கிப் பிடி" என்றாள். மூவரும் சேர்ந்து என் அக்காளை வண்டியில் கிடத்தினார்கள்.

இடுப்பளவு தண்ணீரில் வண்டியைத் தள்ளிக்கொண்டு சந்துக்குள் வருகிறார்கள். பாதி வழியில் பாண்டிச்செல்வி ஓடைக்குள் விழுந்தாள். ஏன் விழுந்தாள்? ஓடையின் மேல் மூடியில்லை. மூடி ஏன் இல்லை? முந்தின நாள் சாயங்காலம் வண்டல் எடுக்க அதைத் திறந்தவன் நான். ரெட் அலர்ட் வந்துவிட்டது, அவசரமாக ஆபீசுக்கு வா என்று கூப்பிட்டதும், வந்து மூடிக்கொள்ளலாம் என்று அப்படியே போட்டுவிட்டுப் போனவன் நான். இது எந்த ரிப்போர்ட்டிலும் இல்லை. அவளிடம் சொல்லிவிட்டேன், என் அக்காளிடம் சொல்லிவிட்டேன், இப்போது உங்கள் எல்லோரிடமும் சொல்கிறேன்.

விழுந்தவள் வண்டியை விட்டாளா? விடவில்லை! நெஞ்சளவு தண்ணீரில், கால் கம்பியில் கிழிந்து, வண்டி சரியாமல் தோளைக் கொடுத்து நின்றாள். "பாய், எனக்கு ஒண்ணுமில்ல, வண்டியப் பிடிங்க! வண்டியப் பிடிங்க!" என்று கத்தினாள். இஸ்மாயில் பிடித்தார். பேச்சியம்மாள் இழுத்தாள். பஜார் ரோட்டில் ஒரு மிளகுக் கிடங்கின் உயரமான மேடையில் ஏற்றிவிட்டார்கள். நாலு நிமிஷம் பன்னிரண்டு நொடியில் அல்ல, ஒன்றே கால் மணி நேரம் ஆயிற்று. பாண்டிச்செல்வியின் காலில் பதினொரு தையல். ஆறு வாரம் அவளால் வண்டி தள்ள முடியவில்லை. நான் வீடு வந்து சேர்ந்தது மறுநாள் மதியம்.

இரண்டு மாதம் கழித்து ரிப்போர்ட் வந்தது. வாசிக்கிறேன், கேளுங்கள்: "சுண்ணாம்புச் சந்தில் பயிற்சி பெற்ற மீட்புக் குழு துரிதமாகச் செயல்பட்டு, படுக்கையில் இருந்த முதியவர் ஒருவரைப் பத்திரமாக மீட்டது. உயிரிழப்பு இல்லை." யார் பொய் சொன்னார்கள்? யாருமே சொல்லவில்லை! சந்துக்குக் குழு உண்டு, சந்தில் ஓர் உயிர் பிழைத்தது, ஆகவே குழுதான் காப்பாற்றியது. எப்பேர்ப்பட்ட கணக்கு! அந்தக் கணக்கின் விடைதான் மேசைமேல் பளபளக்கிற அந்த ஷீல்டு.

நேற்று சாயங்காலம் அக்காளிடம் போய், "நாளைக்கு எங்களுக்கு ஷீல்டு தர்றாங்கக்கா" என்றேன். அவள் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டு கேட்டாள்: "மழ வந்தா உன் ஷீல்டாடா வந்து என்னத் தூக்கும்?"

அதனால் இன்று காலையிலேயே அஜீஷ் தம்பியிடம் போனேன். தம்பி, குழுவில் எங்கள் பெயரை எடுத்துவிடுங்கள், மழையன்று சந்தில் இருக்கிறவர்கள் பெயரைப் போடுங்கள் என்று கேட்டேன். பாண்டிச்செல்வி, இஸ்மாயில், பேச்சியம்மாள் என்று பெயரும் சொன்னேன். அவருக்கும் மனசு இருக்கிறது. தட்டிப் பார்த்தார். "பாண்டிச்செல்வியுடெ ஆதாரில் கோவில்பட்டி அட்ரஸாணு சேட்டா. சிஸ்டம் எடுக்குன்னில்லா" என்றார். வெளியூர் முகவரியை சிஸ்டம் ஏற்காதாம். இஸ்மாயிலுக்கும் அதே கதை, அவருக்கு மேலப்பாளையம். பேச்சியம்மாளின் பெயரைப் போடலாமென்றால் படிவத்தில் பெண்களுக்குக் கட்டமே இல்லையாம், அது போன வருஷத்துப் படிவமாம். கோவில்பட்டியில் வெள்ளம் வந்தால் பாண்டிச்செல்வி இங்கிருந்து ஓடிப்போய்க் காப்பாற்றலாம், சிஸ்டம் தடுக்காது!

என்ன தலைவரே, மணி அடிக்கிறீர்கள்? முடித்துவிடுகிறேன் அண்ணாச்சி, இரண்டே நிமிஷம். இல்லை, ஷீல்டை இப்போது எடுத்து வர வேண்டாம், அப்படியே இருக்கட்டும்.

இதோ மேசையில் படிவம் இருக்கிறது. இதோ பேனா. நான் கையெழுத்துப் போட மாட்டேன் என்று சொல்லவேயில்லை. போடுகிறேன்! தாராளமாகப் போடுகிறேன்! ஆனால் இந்த முறை போட்டால், போட்டபடி நிற்பேன். எந்தப் பேரிடர் வந்தாலும் சந்தில் முதலில் களம் இறங்குவோர் என்று எழுதியிருக்கிறதா? இறங்குவோம். வரப்போகிற முதல் ரெட் அலர்ட் அன்று, காலை ஐந்தரை மணிக்கு சிஜு அவர்கள் ரோல்கால் புத்தகத்தைத் திறந்து "பாலையா" என்று கூப்பிடும்போது, இருபத்தேழு வருஷத்தில் முதல் முறையாக அங்கே பதில் வராது. என் ஏழு தோழர்களையும் கேட்டுவிட்டேன், அவர்களிடமிருந்தும் வராது. நாங்கள் எட்டுப் பேரும் சுண்ணாம்புச் சந்தில், என் அக்காளின் கட்டிலைச் சுற்றி, நாடு எங்களுக்கு இட்ட பணியைச் செய்துகொண்டிருப்போம். வேலை போனால் போகட்டும். வைட்டிலாவை யார் பார்ப்பது, கலூரை யார் பார்ப்பது என்று கேட்பீர்கள். கம்ப்யூட்டரிடம் கேளுங்கள். அது யாரையாவது அலாட் செய்யட்டும்.

பார்த்தீர்களா, மேடை கொஞ்சம் அசைகிறது! சிஜு அவர்கள் எழுந்துவிட்டார். அஜீஷ் தம்பி கவுன்சிலரின் காதில் ஏதோ சொல்கிறார். சொல்லட்டும், நான் காத்திருக்கிறேன். நான் மிரட்டவில்லை அம்மா. எட்டுப் பேரை ஒரே நேரத்தில் இரண்டு இடத்தில் நிறுத்த முடியாது என்று மட்டும்தான் சொல்கிறேன். நாங்கள் ஊரையும் காக்க வேண்டும். அக்காளும் பிழைக்க வேண்டும். இரண்டுக்கும் வழியிருக்கிறது. அந்த வழி சாயா அண்டாவுக்குப் பின்னால், தையல் போட்ட தழும்பு இன்னும் மாறாத காலோடு, மார்க்கெட்டிலிருந்து நேரே வந்து, நான் பெயரைச் சொன்னதிலிருந்து தலையைக் குனிந்துகொண்டு நிற்கிறது.

ஷீஜா அவர்கள் ஏதோ சொல்கிறார், சற்று அமைதியாக இருங்கள். மைக்கைத் தருகிறேன், மைக்கிலேயே சொல்லுங்கள் அம்மா, எல்லோரும் கேட்கட்டும்.

"எழுதிக்கோ அஜீஷே. பாண்டிச்செல்வி, இஸ்மாயில், பேச்சியம்மாள். ஈ வார்டில் தாமசிக்குன்னவரென்னு சர்ட்டிபிகேட் ஞான் தராம். பெண்ணுங்ஙள்கு களம் இல்லெங்கில் களம் வரச்சு எழுதிக்கோ."

கேட்டீர்களா? இந்த வார்டில் குடியிருப்பவர்கள் என்று கவுன்சிலரே சான்றிதழ் தருகிறார்! பெண்களுக்குக் கட்டம் இல்லையென்றால் கட்டம் வரைந்து எழுதச் சொல்கிறார்! தட்டுங்கள் கையை, இப்போது தட்டுங்கள்! அஜீஷ் தம்பி, உங்கள் பெயரைச் சொல்லியும் தட்டச் சொல்கிறேன், ஸ்கேலை எடுத்துவிட்டீர்களே, நேராகக் கோடு போடுங்கள். ஸ்ட்ரெச்சர் ஒன்று சந்திலேயே இருக்கட்டும் என்றும் ஒரு வரி சேர்த்துவிடுங்கள், கையோடு கையாக.

பாண்டிச்செல்வி, மேலே வா தாயி. கூச்சப்படாதே. என்ன? கை அழுக்கா? இந்த மேடையில் என் கையைவிட அழுக்கான கை ஏது, வா. ஷீல்டை நீ வாங்க வேண்டாம் என்றால் வேண்டாம், அதைச் சங்கத்து அலமாரியில் வைக்கட்டும். இந்த இடத்தில் உன் கையெழுத்தைப் போடு. தமிழிலேயே போடு. தலைவர் என்று போட்டிருக்கிறதே, அந்தக் கோட்டின் மேலே.

போட்டுவிட்டாள்.

அக்கா, ஒலிபெருக்கி நம் வீடு வரைக்கும் கேட்கும் என்று எனக்குத் தெரியும். நீ விழித்துத்தான் இருப்பாய். மழையன்று நான் வரமாட்டேன். என்னால் வர முடியாது, இனி வருவேன் என்று பொய் எழுதித்தரவும் மாட்டேன். ஆனால் உன்னைத் தூக்க ஆள் இருக்கிறது. உன் அறைக்குப் பக்கத்து அறையிலேயே இருக்கிறது. பயப்படாமல் தூங்கு.

இவ்வளவு நேரம் மணியடித்தும் மைக்கைப் பிடுங்காத தலைவருக்கும், சிரிக்க வேண்டிய இடத்தில் சிரித்து, மற்ற இடத்தில் பேசாமல் இருந்த உங்களுக்கும், கோடு போட்ட தம்பிக்கும், குரல் கொடுத்த கவுன்சிலருக்கும், கையெழுத்துப் போட்ட பாண்டிச்செல்விக்கும் கைகூப்பி நன்றி சொல்கிறேன். எல்லோரும் சாயா குடித்துவிட்டுப் போங்கள். வணக்கம்.